டிரம் கோர் செத்துப்போன வருஷம்

வாசகரே, உங்களுக்கு ஓர் அபூர்வப் பிராணியை அறிமுகம் செய்யப் போகிறேன் என்று ஆரம்பித்தால் அது பச்சைப் பொய். இந்தப் பிராணி அபூர்வமே இல்லை. கோடை பிறந்ததும் அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பக்கம் டிரம் கோர் என்ற அணிவகுப்பு வாத்தியப் போட்டி நடக்கும் எந்த ஊர் மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய், நடுக்கோடான ஐம்பது கஜக் கோட்டுக்கு நேர் மேலே, பார்வையாளர் படிகளின் உச்சி வரிசையைப் பாருங்கள். முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டை, நாற்பது வருஷத்துக்கு முன் தைத்து இப்போது வயிற்றுக்கு மேல் ஜிப் ஏற மறுக்கும் அணி ஜாக்கெட், கையில் எலுமிச்சை ஜூஸ், முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை. அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், நாம் அவரை ‘அப்போதெல்லாம்’ என்றே அழைக்கலாம். அவர் வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் அதுதான்.

அப்போதெல்லாம் தலையில் இறகு வைத்த உயரத் தொப்பி இருந்தது. அப்போதெல்லாம் தேசியக் கொடி முன்னால் போகும், அது தரையைத் தொட்டால் தொலைந்தார்கள். அப்போதெல்லாம் நடுவர் ஆடுபவர்களின் காலடியிலேயே குனிந்து நடந்து வந்து, ஒரு கால் பிசகினால் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, பிசகியவன் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போவார். இப்போது? சர்க்கஸ் உடை, மைதானம் நிறைய ஏணியும் படிக்கட்டும், ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மின்சாரப் பியானோப் பெட்டி. டிரம் கோர் செத்துப் பல வருஷம் ஆகிறது, சார்.

எந்த வருஷம் செத்தது? அங்கேதான் வேடிக்கை.

ஆர்வில் டோர்சி என்ற எழுபத்தேழு வயதுக்காரரைக் கேளுங்கள். அறுபத்தொன்பதில் செத்தது என்பார். அவர் காலத்து ஊதுகொம்பில் சுரம் மாற்ற விரலால் அழுத்தும் வால்வு ஒன்றே ஒன்று. அதன் பிறகு இரண்டாவது வால்வை அனுமதித்தார்கள், பையன்கள் சுகம் கண்டுவிட்டார்கள், கதை முடிந்தது. வெண்டல் ஷ்மிட்கேயைக் கேளுங்கள். இரண்டு வால்வுதான் தர்மம், மூன்றாவது வந்தபோதுதான் உயிர் போயிற்று என்பார். அவர் கணக்கில் எண்பத்தேழு. இரண்டு வரிசை கீழே இருக்கும் தாடிக்காரர், மைக் வந்ததுதான் எமன், இரண்டாயிரத்து மூன்றோடு சரி என்பார். ஆர்விலுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரோ, கொம்பில் வால்வு என்று ஒன்று இருப்பதே மோசடி என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாராம்.

இதில் ஒரு சங்கதி. டிரம் கோரில் இருபத்தொரு வயதுக்கு மேல் இடம் கிடையாது. கொம்பும் முரசும் கொடியுமாக நூற்றைம்பது பிள்ளைகள், கோடை முழுக்கப் பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், ஒரே ஒரு பதினொரு நிமிஷ ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். வயது முடிந்ததும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆர்விலுக்கு இருபத்தொன்று முடிந்தது அறுபத்தொன்பதில். வெண்டலுக்கு எண்பத்தேழில். தாடிக்காரருக்கு எந்த வருஷம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இந்தக் கூட்டத்தின் உண்மையான தூண் டுவேன் ஹல்வர்சன். வயது ஐம்பத்தொன்பது, வெண்டலின் செட், ஒரு முழங்கால் மாற்று முழங்கால். எங்கள் மெர்லின் ஃபால்ஸ் ஊரின் ஹெரன்ஸ் அணியில் ஐந்து கோடை கொம்பு ஊதியவர். ‘வெளிநடப்பு’ என்ற மகத்தான சடங்கைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். எந்த அணியாவது மின்சாரப் பெட்டியை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தால், உச்சி வரிசை மொத்தமும் எழுந்திருக்கும். எல்லோரும் பார்க்கட்டும் என்று சாவகாசமாகப் படியிறங்கி, வரிசையாகப் போய், பிராட்வர்ஸ்ட் சாசேஜ் கடை முன்னால் நிற்கும். பொரித்த சீஸ் கட்டியும் உண்டு. கொள்கைக்காகச் சாப்பிடுவதில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது. இப்போது பெட்டி இல்லாத அணியே இல்லை என்பதால், டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, ஆட்டம் எதையும் பார்க்காமல், வயிறு முட்ட வீடு திரும்பும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டுவேனின் மகள் கெர்ஸ்டன் அதே ஹெரன்ஸ் அணியில் சேர்ந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கொம்பு என்று கேட்டார். கொம்பு இல்லை, பெட்டி என்றாள். ஆறு வயதில் அவளைப் பியானோ வகுப்பில் கொண்டுபோய் விட்டவர் இவரேதான். யாரை நோக?

போன கோடையில் அவள் ஃபோன் செய்தாள்.

“அப்பா, சனிக்கிழமை நம்ம ஊர்ல ஷோ. எனக்கு இதான் கடைசி வருஷம்.”

“தெரியும்மா. வராம இருப்பேனா?”

“வருவீங்க. உக்காருவீங்களா?”

டுவேன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“மூணு வருஷமா பாக்கறேன். நாங்க உள்ள வருவோம், நீங்க எந்திரிச்சு வெளிய போவீங்க. மைதானத்துலேருந்து பாத்தா எனக்கு உங்க முதுகுதான்பா தெரியுது.”

“அது உன்னை இல்லடா கண்ணு. அந்தப் பெட்டியைத்தான்…”

“அந்தப் பெட்டியை வாசிக்கிறது நான்தான்பா.”

டுவேன் உட்காருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. ஒரு பக்கம் இருபது வருஷக் கொள்கை, இன்னொரு பக்கம் பெற்ற பெண்.

சனிக்கிழமை மாலை ஹெரன்ஸ் உள்ளே வந்தது. பெட்டி உருண்டு வந்தது. உச்சி வரிசை எழுந்தது. டுவேன் எழவில்லை.

“என்னடா, கால் மரத்துப் போச்சா?” என்றார் வெண்டல்.

“நீங்க போங்கடா. எனக்குப் பசிக்கலை.”

“பசிக்கா போறோம்?”

“விடு தம்பி,” என்றார் ஆர்வில். “பொண்ணு பாசம். மனுஷன் கட்சி மாறிட்டான்.”

அவர்கள் படியிறங்கினார்கள். டுவேனுக்குக் காது மடல் எரிந்தது. கீழே கெர்ஸ்டன் நிமிர்ந்து மேலே பார்த்தாள். கையை ஆட்ட விதி இடம் கொடுக்காது, தலையை மட்டும் லேசாக அசைத்தாள். அவர் இருந்த இடத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

வெண்டலின் வெளிநடப்பு எப்போதுமே கொஞ்சம் ஆடம்பரமானது. கடைசிப் படியில் நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, ‘இது அடுக்குமா?’ என்று முகத்தால் கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றும் கேட்டார். கேட்டுக்கொண்டே பின்னால் காலை வைத்தார். அங்கே பார்வையாளர் படிகளின் அடிச்சுவரிலிருந்து மைதானத்துக்கு ஓடும் ஆரஞ்சு நிற மின்வயர் கிடந்தது. கால் மாட்டியது, விடுபட்டது, மனிதர் எதையும் கவனிக்காமல் சாசேஜைப் பார்க்கப் போய்விட்டார். சுவரில் இருந்த பிளக் பாதி வெளியே வந்து தொங்கியது.

ஆட்டம் அந்தப் பெட்டியின் தனி வாசிப்போடுதான் ஆரம்பம். நூற்றைம்பது பிள்ளைகள் புல்லில் மண்டியிட்டிருக்க, கெர்ஸ்டனின் விரல்கள் கட்டைகள் மேல் ஓடின. சத்தம் இல்லை. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இருபது வருஷமாக உச்சி வரிசை வேண்டிக்கொண்டது நடந்தேவிட்டது! போகிற வழியில் நின்று ஆர்வில் கைகூடத் தட்டினார்.

டிரம் கோரில் ஆட்டத்தை நிறுத்தும் பழக்கம் கிடையாது. கொட்டகை பற்றி எரிந்தாலும் தாள எண்ணிக்கை ஓடும். கெர்ஸ்டன் நிறுத்தவில்லை. ஊமைப் பெட்டியை ஒழுங்காக வாசித்துக்கொண்டே இடமும் வலமும் பார்த்தாள். அந்த முகத்தை டுவேன் உச்சியிலிருந்து பார்த்தார். எழுந்தார். உட்காருகிறேன் என்று கொடுத்த வாக்கு நினைவுக்கு வருவதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

பிளக்கை அழுத்திச் சொருகினார். பெட்டி வாய் திறந்தது. கையை எடுத்தார். மூடிக்கொண்டது. சாக்கெட் பழசு, பிடிப்பே இல்லை. மறுபடி அழுத்தினார், இந்த முறை கையை எடுக்கவில்லை. மேலே ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“சார், நகருங்க, நான் பாக்கறேன்.”

“தொட்டே, கொன்னுடுவேன். போய் உன் வேலையைப் பாரு.”

அப்படியாக, மின்சாரத்தை எதிர்த்து இருபது வருஷம் போராடிய மாவீரர், மாற்று முழங்கால் கான்கிரீட்டில் பதிய, சுவரோடு முகம் வைத்து, பத்து நிமிஷம் மின்சாரத்தைக் கையால் பிடித்து வைத்திருந்தார். மகளின் கடைசிக் கோடை அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. கேட்டதா? கேட்டது. பிடித்ததா? பொய் சொல்லக் கூடாது, பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் கொம்புகள் எல்லாம் அடங்கிப் பெட்டி மட்டும் தனியாகப் போன இடத்தில், அவள் கொஞ்சமும் அவசரப்படவில்லை. சின்ன வயதில் அவசரப்படுவாள், வாத்தியாரம்மாளிடம் திட்டு வாங்குவாள். சந்தோஷத்தில் மனிதருக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

கெர்ஸ்டன் இடையில் ஒரு முறை மேலே பார்த்தாள். உச்சி வரிசை காலி. ஓர் ஆள் இல்லை.

ஆட்டம் முடிந்து, சாசேஜ் கடை ஓரத்தில் சகாக்களோடு நின்ற டுவேனிடம் அவள் வந்தாள். வெள்ளி ஜிகினா உடை, வியர்வையில் கரைந்த மை.

“சாசேஜ் எப்படிப்பா இருந்துச்சு?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகக் கேட்டாள்.

டுவேன் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் புகுந்துவிட்டார். “ஆரம்பத்துல அந்தப் பெட்டி வாயை மூடுச்சு பாரு, ஆகா! எந்தப் புண்ணியவான் வயரைப் புடுங்கினானோ, அவன் நல்லா இருக்கணும். அதைத் திரும்பச் சொருகினானே ஒரு சண்டாளன், அவனைத்தான் தேடிட்டிருக்கேன்.”

சகாக்கள் சிரித்தார்கள். சொன்னால் இந்த வரிசையில் இடம் போகும். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள், பஸ் அங்கே உறுமிக்கொண்டு நின்றது. அவள் திரும்பி நாலு அடி நடந்தும் விட்டாள்.

“நான்தான்,” என்றார் டுவேன்.

“எது நீ?” என்றார் ஆர்வில்.

“சண்டாளன். நான்தான் சொருகினேன். விட்டா அணைஞ்சிடும்னு கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டுக் கிடந்தேன்.” முழங்காலில் அப்பியிருந்த சரளைக் கல்லைக் காட்டினார். ஆர்வில் சாசேஜைத் தட்டில் வைத்தார். அவர் வாழ்நாளில் சாப்பிட்டு முடிக்காமல் வைத்த முதல் சாசேஜ் அதுவாகத்தான் இருக்கும்.

கெர்ஸ்டன் திரும்பி வந்தாள். “அப்ப நீங்க பாக்கவே இல்லையா?”

“எங்க பாக்கறது? செவுத்தைத்தான் பாத்தேன். கேட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“சகிக்கலை,” என்றார். அப்புறம், “அந்தத் தனியா வர்ற எடத்துல நீ அவசரமே படலைடா,” என்றார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜிகினா முழுக்க ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டது.

சகாக்கள் டுவேனைத் தள்ளி வைத்தார்கள். இரண்டு ஷோ வரைக்கும். மூன்றாவது ஷோவுக்கு முன்னதாகவே வந்து இடம் பிடிக்க ஆள் இல்லாமல் போனதால் மன்னித்துவிட்டார்கள்.

இந்தக் கோடையில் கெர்ஸ்டன் உச்சி வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்து ஷோ பார்த்தாள்; அவளுக்காகச் சகாக்கள் அன்று வெளிநடப்பைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஹெரன்ஸ் ஒரு பெரிய திரையை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் மீன்கள் நீந்தின. பெட்டி முன்னால் இருந்த பெண் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு ஆடப் போய்விட்டாள். பெட்டி தானே வாசித்தது. கெர்ஸ்டன் கையைக் கட்டிக்கொண்டாள். முகம் சுருங்கியது.

“என்னப்பா இது? நாங்கெல்லாம் கையால வாசிச்சோம். போன வருஷத்தோட முடிஞ்சு போச்சுப்பா எல்லாம்.”

அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஆர்வில் நகர்ந்து உட்கார்ந்து, ஆசையாகப் பலகையைத் தட்டினார். “வாம்மா, வா. இப்படி நடுவுல வந்து உக்காரு.”

சிரிக்கிறீர்கள் இல்லையா? தாராளமாகச் சிரியுங்கள், காசா பணமா. ஆனால் சினிமாப் பாட்டு எந்த வருஷத்தோடு கெட்டுப்போனது என்று உங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்குமே? கிரிக்கெட்டு? தீபாவளி? அந்த வருஷத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அப்போது உங்களுக்கு என்ன வயது என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் கண்ணில் பட்டால் மானம் போய்விடும்.