டிரில் மோட்டார் தின்ற வேட்டி

என் மகள் கோமதிக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே ஒரு படகைக் காரின் டிக்கியில் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்து அதை மீறினேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தச்சர்கள் வைத்திருக்கும் பேட்டரி டிரில்லில் முதலில் சாவது பேட்டரிதான். புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டதும் அவர்கள் புது டிரில்லே வாங்கிவிடுவார்கள். பழையதன் வயிற்றுக்குள் மோட்டார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர் காசிம் பாய் அவற்றை எனக்காக ஒரு சாக்கில் போட்டு வைப்பார். வேலை போன பிறகும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்கத் துடிக்கும் ஒரு மோட்டாரின்மேல் எனக்குப் பாசம் வந்ததில் வியப்பில்லை.

அந்த மோட்டார்களை வைத்துப் படகு செய்தேன். ப்ளைவுட் உடம்பு, பழைய யுபிஎஸ் பேட்டரி, உடைந்த பொம்மைக் காரிலிருந்து எடுத்த ரிமோட். டிரில்லின் பல்சக்கரப் பெட்டியைக்கூடக் கழற்றவில்லை. துளை போடும் பிட்டைக் கவ்வும் வாயில் படகின் விசிறித் தண்டைக் கொடுத்து இறுக்கிவிட்டேன். தேக்கு மரத்தில் ஸ்க்ரூவை இறக்குகிற பலம் தண்ணீரில் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. (பார்த்தேன்.)

கோமதிக்கு முதலில் வந்த ஒரு வரன் என்னால்தான் கலைந்தது. பெண் பார்க்க வந்தவர்களைக் காபி ஆறும்வரை உட்காரவைத்து மோட்டாரின் உள்ளமைப்பை விளக்கினேன். "பொண்ணு தங்கமான பொண்ணு" என்று தரகரிடம் சொல்லிவிட்டு, அதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்து, பழனிக்கு அருகே கீரனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த நாச்சிமுத்து என்பவரின் மகன் சக்திவேல். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முறைப்படி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் கோமதி என்னிடம் வந்தாள்.

"அப்பா, நாளைக்கு எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. எனக்கு இவரைப் புடிச்சிருக்கு."

இரண்டாவது வாக்கியத்தை அவள் அதுவரை யாரைப் பற்றியும் சொன்னதில்லை. எடுத்துப் போக மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். காலையில் கார் டிக்கியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நானும் மனைவி சரோஜாவும் அவள் அண்ணனும் போனோம். நாச்சிமுத்து வீட்டைக் காட்டினார், மாட்டுக் கொட்டகையைக் காட்டினார், கடைசியில் பண்ணைக்குட்டைக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் மண்ணில் இறங்காமல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த பெரிய குட்டை. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"கோடைக்கு முருங்கை பொழைக்கிறதே இந்தத் தண்ணியிலதானுங்க" என்றார். பிறகு மரியாதைக்காக, ரிடையர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"போட்டு செய்றேங்க."

"போட்டுங்களா? தண்ணியில ஓடுமுங்களா?"

இதைக் கேட்டபின் ஒரு மனிதன் என்ன செய்வான்? டிக்கிக்கு ஓடினேன்.

முதல் சுற்று அற்புதம். மாப்பிள்ளை சக்திவேல்கூடக் கை தட்டினார். இரண்டாவது சுற்றில் படகு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. நான் இடது என்றால் அது வலது போனது. நிற்கச் சொன்னால் வேகம் எடுத்தது. ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கினேன், அதன் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், கடைசியில் பழனி மலை இருக்கும் திசைக்கு நீட்டியும் பார்த்தேன். படகு கரைக்கு வந்து ஷீட்டை முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. கூரான இரும்பு விசிறி.

"ஷீட்டு கிழிஞ்சிருமுங்க" என்றார் நாச்சிமுத்து. சத்தம் போடவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

நான் ஷீட்டின் சரிவில் ஒரு கால் வைத்தேன். பாசி படிந்த பிளாஸ்டிக். அடுத்த கால் வைக்க அவசியமே ஏற்படவில்லை. பட்டுக்கரை வேட்டி, சந்தன நிறச் சட்டை, சட்டைப் பையில் பேனா சகிதம் மார்பளவுத் தண்ணீரில் போய் நின்றேன். வேட்டி அவிழ்ந்து பின்னால் அல்லி இலைபோல் விரிந்து மிதந்தது. வட்டமடித்து வந்த படகு அதன் நுனியைக் கவ்வியது.

அந்த மோட்டாரின் திறமையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். ராட்டையில் நூல் சுற்றுவதுபோல் என் வேட்டியைச் சீராகச் சுற்றி முடித்தது. இனிச் சுற்ற முடியாது என்றானதும் உள்ளேயிருந்து 'கடகடகட' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ முழுதாக இறங்கியதும் டிரில் போடும் சத்தம் அது. அன்றைக்குச் சிரிப்பு மாதிரிக் கேட்டது.

"மாப்ள, மேல வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார் மச்சான், சரோஜாவின் அண்ணன்.

"செத்த நேரம் இருக்கட்டும் மச்சான்" என்றேன்.

"ஏன், குளிக்கிறீகளோ?"

என் இடுப்பில் மிஞ்சியிருந்தது, தூக்கிப் போடச் சொல்லி சரோஜா பலமுறை கெஞ்சிய கோடு போட்ட டவுசர். கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முருங்கை மரங்களைப் பார்க்கத் திரும்பினார்கள். சக்திவேல் ஓடிப்போய் ஒரு கட்டம் போட்ட லுங்கியைக் கொண்டுவந்து என்னிடம் வீசினார். நான் அதைத் தண்ணீருக்குள்ளேயே கட்டிக்கொண்டு, கரையிலிருந்து விட்ட ஒரு கயிற்றைப் பிடித்து ஏறினேன். படகோடு சேர்த்து வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால் நின்றபோது சரோஜா சொன்னாள்.

"கோமதிகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தவள் ஈர லுங்கியைப் பார்த்தாள். "கொண்டு போனீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கீரனூரிலிருந்து போன் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கோமதி என்னிடம் உப்பு, தண்ணி, சாவி என்று ஒற்றை வார்த்தைகளில் பேசினாள். ஒருநாள் மேசையில் இன்னொரு டிரில்லைப் பிரித்தபோது, படகு அடங்காததன் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மோட்டாரின் பின்னால் பருப்பு அளவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மோட்டாரின் தீப்பொறி ரிமோட்டின் சமிக்ஞையைக் குழப்பாமல் தடுப்பது அதுதான். படகின் மோட்டாரில், கம்பி பற்றவைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை நானே வெட்டிப் போட்டிருந்தேன். வருடா வருடம் வகுப்பில் நடத்திய பாடம்! கோமதியிடம் போய், தப்பு மோட்டாருடையது அல்ல, என்னுடையது என்றேன்.

"மோட்டார் மேலன்னு நான் சொல்லவே இல்லையேப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். நாச்சிமுத்து.

"வேட்டி காஞ்சிருச்சுங்க. நீங்க வந்து வாங்கிக்கிறீங்களா, இல்லைன்னா நிச்சயத்துக்கு வர்றப்ப நாங்களே கொண்டாரட்டுங்களா?"

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கோமதிக்குப் புரிந்துவிட்டது.

நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை, பழம், தேங்காயோடு இஸ்திரி போட்ட என் வேட்டியும் வந்தது, கிரீஸ் கறையோடு. நாச்சிமுத்து சபையில் சொன்னார்: "ஷீட்டு கிழிஞ்சிருமேன்னு, வயசான மனுசன், வேட்டி சட்டையோட குதிச்சாருங்க. நம்ம தண்ணிக்குப் பதறுனவரு ஊட்டுல பொண்ணெடுக்காம வேற எங்கீங்க எடுக்கறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். இப்போது எழுதிவிடுகிறேன்: நான் குதிக்கவில்லை, வழுக்கினேன். அந்த நேரத்தில் ஷீட்டும் முருங்கையும் என் நினைவில் இல்லை, பெற்ற மகளும் இல்லை. மோட்டார் கருகிவிடுமே என்றுதான் காலை வைத்தேன். கோமதிக்கு மட்டும் இது அன்றே தெரியும். சொல்லாமல் என்னைக் காப்பாற்றி வருகிறாள்.

அன்று முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் சம்பந்தி வீட்டிலிருந்து எனக்கு ஒரு வேட்டி வரும். கூடவே ஒரு தோல் பெல்ட். இந்த வருடம் வந்த பெல்ட்டில் கூடுதலாக ஓர் ஓட்டை இருந்தது. என் இடுப்பு பெருத்துவிட்டதென்று கோமதி சொல்ல, மாப்பிள்ளைதான் போட்டாராம், டிரில்லால்.