முதுகில் இருந்த பகா எண்

கேப் கோஸ்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அராபா அக்காவுக்கு, தம்பி ஈபோ வணங்கி எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. நீயும் மாமாவும் சுகம் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நான் முப்பது வருஷம் கணக்கு நடத்திய பள்ளிக்கு நேற்று ஐம்பதாம் ஆண்டு விழா. எல்லாரும் சட்டை தைத்துப் போடும் விழாத் துணியில் யானைப் படம் போடலாம் என்று எல்லாரும் சொல்ல, நான்தான் ஒற்றைக்காலில் நின்று ஒரு பகா எண்ணை அச்சடிக்க வைத்தேன்: 73939133. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஓட்டு என்கிற வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பானா? "மேடையிலயே உன் சட்டையப் பாத்து வகுப்பேன்டா. வகுபட்டுச்சுன்னா புதுக் கணக்கு அறைக்கு உன் பேரு கிடையாது!" விழாக் குழுவும் தலையாட்டிவிட்டது. அக்கா, எனக்குப் பிள்ளையா குட்டியா? என் பேர் சொல்ல அந்த அறையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

எண் முதுகில் வரும்படி தைக்கச் சொல்லித் தையற்காரி மான்சாவிடம் துணியைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் வலப்பக்கத் தையலில் கடைசி 3 காலி! அடிப்பாவி என்று வீட்டுக்கு ஓடி, மீந்த 7393913-ஐ இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்தொன்பது வரை உள்ள பகா எண்களாலெல்லாம் வகுத்தேன், தட்டில் இருந்த கென்கே சோள உருண்டை கல்லாகிவிட்டது, கடைசியில் அதுவும் பகா எண்! அப்பாடா என்று திரும்பிப் போனால், "தொளதொளன்னு இருக்கு சார்" என்று இன்னொரு இலக்கத்தையும் விழுங்கிவிட்டாள். 739391. அதுவும் பகா எண்! வலப்பக்கம் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே போனாலும், ஒற்றை 7 மிஞ்சும்வரை எல்லாமே பகா எண்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த வகையில் இதைவிடப் பெரிய எண்ணே கிடையாதாம். தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

விழாவன்று மேளம் அடித்து ஊர்வலமே வந்துவிட்டது, அப்போதுதான் மான்சா சட்டையோடு ஓடிவந்து எனக்கு மாட்டிவிட்டாள். மேடையில் ஓட்டு என் முதுகைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டால போகல... மூணு, அஞ்சு, ம்ஹூம்... ஏழாலயும் போகலையே!"

"யோவ், ஜொல்லோஃப் சோறு ஆறுதுய்யா, எறங்கு!" என்று கூட்டம் கத்தியது.

"சரி, ஜெயிச்சுத் தொலைடா!"

அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலமே அறைக் கதவில் என் பெயரை எழுதிவிட்டார்கள். இன்று நன்றி ஆராதனைக்கும் அதே சட்டையோடு போய், சபை முழுக்கப் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஈபோ குவான்சா

பின்குறிப்பு: இப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கோணலாகிவிடும் என்று மான்சா இடப்பக்கத்தையும் பிடித்திருக்கிறாள். முதல் 7 தையலுக்குள் போய்விட்டது. இரண்டு நாளாக என் முதுகில் இருந்தது 39391. அது பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது. ஓட்டு அடுத்து அதைத்தான் தட்டியிருப்பான். யாரிடமும் மூச்சு விடாதே. புதுக் கணக்கு வாத்தியாரிடம் மட்டும், பதினொன்றாம் வாய்ப்பாட்டை என் பேர் போட்ட அறையில் வேண்டாம், மரத்தடியில் வைத்து நடத்தச் சொல்லப்போகிறேன்.