போனவைக்கு ஒரு நன்றி

புதிதாக வேலைக்குச் சேருகிறவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் முப்பத்தாறு வயதில்தான் வந்தது. அதற்காக ஒன்பது குடும்பங்களின் காயத்தைக் கிளற வேண்டியிருந்தது.

கொழும்பில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் வேலணைக்குத் திரும்பினேன். கணினியில் கெட்டிக்காரன் என்று ஊரில் ஒரு பெயர். (பரப்பியதும் நான்தான்.) அதை நம்பித்தான் சாந்தி அக்கா என்னை வேலைக்கு எடுத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடு வளவைப் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கூட்டுவது, கிணறு இறைப்பது, பற்றை வெட்டுவது, சொந்தக்காரர் திருவிழாவுக்கு வரும்போது கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைப்பது.

வாடிக்கையாளர் விபரமெல்லாம் கணினியில் இருந்தது. அவற்றைத் தேடித் தர ஓர் ஏஐ உதவியாளரும் இருந்தது. தமிழில் எழுதிக் கேட்டால் போதும். அடிக்கடி தேவைப்படும் தேடல்களை அக்கா வடிகட்டிகளாகப் பெயர் வைத்துச் சேமித்திருந்தார். பெயரைச் சொன்னால் அந்த ஆட்கள் மட்டும் வருவார்கள்.

திருவிழாக்கள் முடிந்து எல்லாரும் விமானம் ஏறியபின் ஒருநாள் அக்கா சொன்னார்: "தம்பி, வந்து போனவைக்கு ஒரு நன்றி மெசேஜ் போட்டுவிடும். நான் வங்கிக்குப் போயிட்டு வாறன். வடிவாப் பார்த்துப் போடும்."

"இதெல்லாம் ஒரு நிமிச வேலை அக்கா" என்றேன்.

சேமித்த வடிகட்டிகளில் 'ஊருக்கு வந்தவை' என்று ஒன்று இருந்தது. 'போனவை' என்று இன்னொன்று. வந்தவை என்றால் இன்னும் இங்கே நிற்பவர்கள், போனவை என்றால் திரும்பிப் போனவர்கள். (என்ன தெளிவான மூளை!) 'போனவை'யை எடுத்து எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். உதவியாளர் பணிவாகக் கேட்டது: "இதில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அனுப்பும் முன் பதிவுகளைப் பார்க்கிறீர்களா?"

"தேவையில்லை" என்று அடித்தேன்.

நான் எழுதிய செய்தி இது: "ஊருக்கு வந்து போனதற்கு நன்றி. பயணம் சுகமாக முடிந்திருக்கும் என்று நம்புகிறோம். உங்கள் அறை அப்படியே தயாராக இருக்கிறது. விரைவில் மீண்டும் வாருங்கள்." 'விரைவில்' என்பதை அழகுக்காகச் சேர்த்தேன்.

முதல் பதில் லண்டனிலிருந்து வந்தது. "எங்கட அப்பா செத்து எட்டு மாசம். அவரை எங்க வரச் சொல்லுறீர்?"

ஒரு பதிவைத் திறந்தேன். அடியில் அக்காவின் குறிப்பு: 'மோசம் போயிட்டார். இனி மகளோடை கதைக்கவும்.' அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்ததை. ஒன்பது பேருமே அப்படிப் போனவர்கள்தான்.

வங்கியிலிருந்து வந்த அக்கா வாசித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "செத்தவை எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை தம்பி, அதுதான் போனவை எண்டு போட்டனான். எல்லாம் தெரிஞ்ச சனம்" என்றார். பிறகு, "ஒவ்வொருத்தரா எடுத்து மன்னிப்புக் கேளும். மெசேஜ் வேண்டாம். வாயாலை கேளும்" என்றார்.

கேட்டேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார். கடைசி ஆளுக்கு நான் எடுக்குமுன் அங்கிருந்தே அழைப்பு வந்தது. கனடாவில் இருக்கும் ஓர் அம்மா; பட்டியலில் இருந்தது அவருடைய கணவர்.

"தம்பி, இவரின்ர ஃபோனுக்கு உம்மட மெசேஜ் வந்தது. நான் அதைச் சார்ஜ் போட்டுத்தான் வைச்சிருக்கிறன்." பிறகு கேட்டார்: "அவர் வந்தவரோ?"

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் ஊருக்குப் போவம் எண்டுதான் கேட்டவர். கூட்டிக்கொண்டு வர ஏலாமல் போச்சுது. நீர் வந்து போனவர் எண்டு போட்டிருக்கிறீர். அதுதான் கேக்கிறன்."

கொழும்பில் எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஒன்றும் உதவவில்லை. "இல்லையம்மா. நான் பேரைக்கூடப் பார்க்காமல் அனுப்பிப்போட்டன்."

"தெரியும் தம்பி. எண்டாலும் ஒருக்காக் கேக்கவேணும் போல இருந்தது." பிறகு, "அந்த அறை அப்பிடியே இருக்கோ?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. "நான் பார்த்ததில்லை அம்மா. போய்ப் பார்த்துச் சொல்லுறன்" என்றேன்.

அந்த வீட்டுத் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு பாலத்தால் புங்குடுதீவுக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அறையைத் திறந்து வீடியோ அழைப்பில் அந்த அம்மாவுக்குக் காட்டினேன். கட்டில், அலுமாரி, சுவரில் ஒரு பழைய கலியாணப் படம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யன்னலைத் திறவும் தம்பி." திறந்தேன். "அது என்ன, காத்துச் சத்தமோ?"

"இல்லையம்மா... மோட்டார் சைக்கிளை நிப்பாட்ட மறந்துபோனன்."

அந்தப் பக்கம் முதல்முறையாக ஒரு சிரிப்புக் கேட்டது. "நிப்பாட்ட வேண்டாம். கொஞ்சநேரம் இருக்கட்டும்" என்றார். நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தோடு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அவர் வந்தார். கணவரின் படத்தோடு அந்த அறையில்தான் தங்கினார். திரும்பும் நாளில் வேனில் ஏறிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் போறன். எந்தப் போனவை எண்டு பார்த்து மெசேஜ் போடும்." சாந்தி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கதை எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் செத்தவீட்டுக்குப் போனால், வாசல் படலையடியிலேயே என் மனைவி கையை நீட்டி ஃபோனை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுவிடுகிறாள்.

"இருக்கட்டும், தாங்கோ. பெட்டிக்குள்ளை கிடக்கிற மனுசனிட்டை, பயணம் சுகமோ எண்டு கேட்டுப்போடுவியள்."