மண்டியிட்ட ஒட்டகத்துக்கு வழி

தடம் மூன்றாகப் பிரிந்த இடத்தில் மர்வான் வண்டியை நிறுத்தவில்லை, இடப்பக்கம் ஒடித்தான். நிறுத்தினால் யோசிப்பது வெளியே தெரிந்துவிடும்.

"இடதா தம்பி?" என்று கேட்டார் பக்கத்து இருக்கையில் இருந்த அபூ நிதால்.

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட போயிடுவேன் மாமா. இந்தப் பாலைவனம் எனக்கு வீட்டு முற்றம் மாதிரி."

மர்வானின் வீடு அம்மான் நகரத்தில் நான்காவது மாடியில் இருந்தது. அதற்கு முற்றம் கிடையாது. வாதி ரம் பாலைவனத்துக்கு அவன் இதற்கு முன் வந்தது ஒரே ஒரு தடவை, எட்டாம் வகுப்பில், பள்ளிக்கூடப் பேருந்தில். அன்று முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இந்த மண்ணை அவன் உற்றுப் பார்த்ததில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். அபூ நிதால் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அவர் மகள் ஹனீன் பல் மருத்துவர். வரும் வெள்ளிக்கிழமை மர்வான் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வரப்போகிறார்கள். பெண் வீட்டில் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். வந்தவர்களில் மூத்தவர், ஒன்று கேட்க வந்தோம் என்பதற்கு அடையாளமாக, குடிக்காமல் கோப்பையைக் கீழே வைப்பார். "குடிங்க, கேட்டதைக் கொடுத்தேன்" என்று பெண்ணின் அப்பா சொன்னால்தான் கல்யாணம். சொல்லாவிட்டால் காப்பி ஆறிப்போகும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

ஒருவனை அறிய அவனோடு பயணம் போ என்பது அங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தை. அபூ நிதால் சொல்வதோடு நிற்காதவர்.

"மண்டியிட்ட ஒட்டகம்னு ஒரு பாறையாம். வெள்ளிக்கு முன்னாடி ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வரலாமா? உனக்கு வழி தெரியுமோ என்னமோ."

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? போன வருஷம் அதோட நிழல்லதானே ஆட்டுக்கறி சமைச்சுச் சாப்பிட்டோம்!"

அப்படி வாயால் சமைத்த கறிக்காகத்தான் இன்றைக்கு, பெரியப்பா மகனிடம் வண்டியை இரவல் வாங்கி, காலையிலிருந்து மணலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

எதிரே ஆடுகளை ஏற்றிய பழைய வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த நாடோடிக் கிழவர் தலையை நீட்டினார்.

"எங்க போறீங்க? வழி சொல்லட்டுமா?"

"வேணும்னா நான் உங்களுக்குச் சொல்றேன் பெரியவரே!"

கிழவர் புடைத்து நின்ற டயர்களைப் பார்த்தார். பிறகு அபூ நிதாலைப் பார்த்தார். அபூ நிதால் எதிர்ப்பக்கத்து மலையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவன் துணை" என்று சொல்லிவிட்டுக் கிழவர் போனார்.

அடுத்த கால் மணியில் வண்டி மணலில் புதைந்தது.

"மணல்ல இறங்கும்போது டயர்ல காத்தைக் குறைக்கணும்னு சொல்வாங்களே தம்பி?"

"அதெல்லாம் பழைய வண்டிக்கு மாமா."

பெரியப்பா மகனும் காலையில் இதையேதான் சொல்லியிருந்தான். மர்வான் அவனிடம் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தான். இப்போது அழுத்தி மிதித்தான். வண்டி முன்னே போகாமல் கீழே போனது. மறுபடி மிதித்தான், கதவு திறக்க முடியாத ஆழத்துக்குப் போனது. ஜன்னல் வழியாக வெளியேறி, கைகளால் மணலைத் தோண்டினான். அபூ நிதால் தன் பக்கத்து ஜன்னல் வழியே இறங்கி, ஒரு துணிப்பையோடு பாறை நிழலில் போய் உட்கார்ந்தார்.

"பையில என்ன மாமா, சாப்பாடா?"

"ஏலக்காய். இந்தப் பக்கம் ஒருத்தருக்குக் கொடுக்கணும்."

மாமா மலையைப் பார்க்கும் நேரமாகப் பார்த்து, மர்வான் வண்டி மறைவில் குனிந்து டயர்களில் காற்றைத் திறந்துவிட்டான். எவ்வளவு விட வேண்டும் என்பது தெரியாது. பயத்தில் தாராளமாகவே விட்டான். வண்டி வெளியே வந்தது.

"பார்த்தீங்களா? மிதிக்கிற விதத்துல இருக்கு!"

"கத்துக்க வேண்டியதுதான்" என்றார் அபூ நிதால்.

கைபேசியில் வரைபடம் செத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் பாறைகள்: காளான் போல ஒன்று, பாலம் போல ஒன்று, சித்தியின் மூக்கு போலக்கூட ஒன்று. ஒட்டகம் மட்டும் இல்லை. பகல் உச்சிக்கு வந்தது. இனி தேடினால் மானம் போகும் என்று கண்ட மர்வான், இருப்பதில் பெரியதாக ஒன்றைக் கைகாட்டினான்.

"அதோ மாமா! மண்டியிட்ட ஒட்டகம்!"

அபூ நிதால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தலை எங்க?"

"அந்தப் பக்கம் திரும்பியிருக்கு."

"திமில்?"

"காத்துல தேஞ்சுபோச்சு."

"நீங்க கறி சமைச்ச இடம்?"

"இதோ, இங்கதான்! இந்தக் கல்லுலதான் சட்டியை வெச்சோம்!"

"நல்லது. அங்க போய் நில்லு. ஹனீனுக்கு ஒரு படம் எடுக்கிறேன்."

மர்வான் மார்பை நிமிர்த்தி நின்றான். படம் எடுத்தாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வண்டியை வேகமாகத் திருப்பினான். காற்றில்லாத முன் டயர் சக்கரத்தைவிட்டுக் கழன்று தனியே வந்தது.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு கறுப்புக் கூடாரம் தெரிந்தது. நடந்தார்கள். கூடாரத்து நாய் மர்வானைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தது. அபூ நிதாலிடம் மட்டும் வாலை ஆட்டியது.

"வயசானவங்களுக்கு மரியாதை கொடுக்கும் மாமா. இங்கத்து நாய்களோட குணம் அது" என்று மர்வான் விளக்கினான்.

வாசலில் வந்து வரவேற்றவரை மர்வான் உடனே அடையாளம் கண்டுகொண்டான். காலையில் பார்த்த ஆட்டு வண்டிக் கிழவர்! சலாமா என்று தன் பெயரைச் சொன்னார். காலைக் கதையைக் கிளறவில்லை. வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று மூன்று நாள் வரை விருந்தாளியைக் கேட்கக்கூடாது. அது அவர்கள் மரியாதை. அந்த மரியாதை மர்வானுக்கு மிகவும் பிடித்துப்போனது.

மதியத் தொழுகைக்குக் கை கால் கழுவ அபூ நிதால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். சலாமா காப்பி ஊற்றி நீட்டினார். மர்வான் வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான்.

சலாமா நிமிர்ந்தார். "என்ன வேணும் தம்பி? கேளு. கொடுத்தேன், குடி."

ஒரு கோப்பைக்கு ஒரு வேண்டுதல்தான். வெளியே டயர் கழன்று கிடந்தது. கையில் தண்ணீர் இல்லை, ஊருக்குப் போக வழி தெரியாது. மர்வான் எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் எடைபோட்டான்.

"அந்தப் பெரியவர்கிட்ட, நான் இந்தப் பாலைவனத்துக்கு அடிக்கடி வர்றவன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

இதைக் கேட்டுக் கிழவர் கோபப்படுவார் என்று பயந்தான். அவர் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"வருஷத்துக்கு எத்தனை தடவைன்னு சொல்லணும்?"

"நாலு... இல்லை, அஞ்சு. ஒட்டகப் பாறைகிட்ட என்னைப் பார்த்திருக்கறதாவும் சொல்லிடுங்க."

"அது ரெண்டாவது வேண்டுதல்" என்றார் சலாமா. "பரவாயில்லை, சேர்த்தே தர்றேன்."

அபூ நிதால் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். சலாமா அவருக்கும் காப்பி ஊற்றினார். கோப்பையைக் கொடுத்தபடியே, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னார்:

"இந்தத் தம்பி வருஷத்துக்கு அஞ்சு தடவை இங்க வர்றவரு. ஒட்டகப் பாறைகிட்ட நானே என் கண்ணால பார்த்திருக்கேன்."

"அப்படியா!" என்றார் அபூ நிதால். "கொடுத்துவெச்சவன் நான்."

மர்வான் காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். வெள்ளிக்கிழமை ஊற்றப்போகும் காப்பியின் ருசி அப்போதே நாக்கில் தெரிந்தது. டயர் கழன்றது, வழி தவறியது எல்லாம் இனி ஒரு பொருட்டில்லை. கல்யாணத்துக்கு இந்தக் கிழவரையும் அழைக்க வேண்டும், தூரத்து மேசையில் உட்கார வைக்கலாம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

அப்போது தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியிலிருந்து, மாவு பிசைந்துகொண்டிருந்த சலாமாவின் மனைவி குரல் கொடுத்தாள்:

"அபூ நிதால், இந்தத் தடவையும் ஏலக்காய் மறக்காம கொண்டுவந்தீங்களா? ஒட்டகப் பாறை மழையில இடிஞ்சு விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இதோட நாலு மாப்பிள்ளை வந்தாச்சு. 'எனக்கு வழி தெரியாது'ன்னு சொல்ற ஒருத்தன் உங்க பொண்ணுக்கு இன்னும் அகப்படலையா?"