முடித்திருக்கக் கூடாத ஆம்ப்ளிஃபயர்

பேரன்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் மாடி அறையும் ஒழுகும் குழாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழாய் நலமாக இருந்தால் ஒழுகாது என்பதை எழுதிய பிறகுதான் கவனித்தேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே இருக்கட்டும்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை நான் முடித்திருக்கக் கூடாது.

நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கி வந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் பேருந்து பிடித்து வந்து, சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்ததை நான் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்கான ஒரு சின்னப் பெட்டி, இரண்டு கண்ணாடி வால்வுகள், ஒரு பலகை, அதில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டிய உதிரிகள், அவ்வளவுதான். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தில் "ஒரே பிற்பகலில் முடிக்கலாம்" என்று அச்சிட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பாதிப் பலகையைத்தான் நிரப்பியிருந்தீர்கள். கோடுகளின் நிறத்தால் அளவைக் காட்டும் ரெசிஸ்டர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இது சிவப்புக் கோடா, பழுப்புக் கோடா?" என்று கேட்பீர்கள். "சிவப்புடா. கண்ணைக் கழட்டி ரூம்லயே வச்சுட்டு வந்தியா?" என்பார் அப்பா. "வெளிச்சத்துல பாருண்ணே, பழுப்பு." "அப்ப போன வாரம் வச்சதும் தப்பு. எடு, எடு." போன வாரத்து ஈயத்தை உருக்கி எடுப்பதற்குள் அம்மா சாப்பாடு வைக்க மேசையைக் கேட்பாள், அன்றைய வேலை அத்துடன் முடிந்துவிடும். விளக்கப் புத்தகத்தை எச்சரிக்கைப் பக்கம் உட்பட முழுவதும் படித்த ஒரே ஆள் நான்தான். அதனால், பாவம், இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன். நீங்கள் இருவரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லையே, அது ஏன் என்று யோசிக்கவில்லை.

பரீட்சை முடிந்த விடுமுறையில் அப்பா அலுவலகம் போனதும் நான் ஆரம்பித்தேன். ஈயம் உருக்கும் சூடான சால்டரிங் அயர்னை மேசை விரிப்பின் மேல் வைத்ததில் விரிப்பில் ஓட்டை விழுந்தது, ஓட்டையை மறைக்க உப்பு ஜாடியை வைத்தேன், ஜாடியை அம்மா எடுக்கும்போதெல்லாம் "நான் எடுத்துத் தரேம்மா" என்று பாய்ந்ததில் எனக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டதாக அம்மா சந்தோஷப்பட்டாள், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். சரிபார்க்கலாமென்று மின்சாரம் கொடுத்ததும் அது பட்டென்று வெடித்ததில் மாடிவீட்டு அக்கா இறங்கி ஓடி வந்து, "குக்கரா பாப்பா?" என்றார். "இல்லக்கா, கெப்பாசிட்டர்." "அதுல சோறு சீக்கிரம் வேகுமா?" என்றார். நல்லவேளை, பெட்டியில் உபரியாக ஒன்று இருந்தது. எல்லாம் ஒட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. "ஏய், உள்ள எரியுதுடி, அணை," என்று அம்மா ஈரத்துணியோடு வந்தாள். ஹெட்ஃபோனில் பாட்டுக்குப் பதிலாக வண்டு சத்தம் வந்தது. புத்தகத்தை மறுபடி படித்து எர்த் கம்பியைச் சரியாக ஒட்டினேன். வண்டு போய்விட்டது. நீங்கள் எப்படிச் சந்தோஷப்படப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நான் ஹெட்ஃபோனை உங்கள் காதில் மாட்டிவிட்டேன். ஒரு பாட்டு முழுவதும் கேட்டீர்கள். "நல்லாருக்கு," என்று அப்பாவிடம் கொடுத்தீர்கள். அவரும் ஒரு பாட்டுக் கேட்டார். "ஆமா, நல்லாருக்கு," என்றார். அதற்குப் பிறகு நடந்த பேச்சு எனக்கு மனப்பாடம்.

"அங்க மழையா?"

"இல்லண்ணே."

"இங்கயும் இல்ல."

உங்களுக்கும் அப்பாவுக்கும் சண்டை எதுவும் இல்லை, சித்தப்பா. பேச்சுதான் இல்லை. இத்தனை நாள் அந்தப் பலகை இருந்தது, அது பேச வைத்தது. நீங்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு மத்தியானப் பேருந்துக்கே கிளம்பினீர்கள். அதற்குப் பிறகு வரவே இல்லை. இப்போதும் ஞாயிறானால் அப்பா காலையிலேயே மேசையைத் துடைத்து வைத்துவிடுகிறார். "உங்க தம்பி வரலையா?" என்று அம்மா கேட்டாள். "அவனுக்கு வேலை இருக்கும்." "அங்க வேலை இருக்குன்னு வரலையா, இங்க வேலை இல்லன்னு வரலையா?" என்றாள் அம்மா. அப்பா துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். நான் அவரிடம் போய், தப்புப் பண்ணிட்டேம்ப்பா என்றேன். "எதுக்கும்மா? நாங்க செஞ்சிருந்தா இவ்வளவு சுத்தமா வந்திருக்காது," என்று தலையைத் தடவிவிட்டார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி என்னால் இதைச் சரிசெய்ய முடியாது. எல்லா ஒட்டுகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடப் பழுதாகும் என்று தோன்றவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருக்கிறேன். செய்ய வேலை இல்லாவிட்டாலும் நீங்கள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேசுவதற்கு நான் சில தலைப்புகள் யோசித்து வைத்திருக்கிறேன். எரிமலைகள் பற்றி அப்பாவுக்கு ஓரளவு தெரியும்.

வெளிச்சாப்பாட்டைக் குறைத்து, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அப்பா எதுவும் சொல்லவில்லை, ஆனால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
நீங்கள் "வாத்தியாரம்மா" என்று கூப்பிடும் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போகும் நேரத்தில் ஒரு சேதி. ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் இன்று காலையிலிருந்து பாடவில்லை. திறந்து பார்த்தேன். ஒரு கம்பி துண்டாகியிருக்கிறது, தானாக அறுந்த மாதிரி இல்லை, கட்டரால் நறுக்கியது போல நேராக. "ரெண்டு நிமிஷத்துல ஒட்டிடுவேம்ப்பா," என்றேன். அப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தொடாதே. இது பெரிய கோளாறு. சித்தப்பாவை வரச் சொல்லி எழுது. ஒரு ஞாயித்துக்கிழமையில ஆகுற வேலை இல்லன்னும் சேர்த்து எழுது," என்றார்.