எஞ்சினுக்கு எத்தனை படி?

சாப்பாட்டு மேசையை ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கர்த்தர் சாட்சியாகத் தீர்மானம் எடுத்தேன். அரியாலையில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு வருடமாக இருப்பது சோறும் கறியும் அல்ல, யாழ்ப்பாணத்துக்கு வருகிற டீசல் றெயில் எஞ்சின் ஒன்றின் மாதிரி உருவம். ஒரு முழ நீளம். என் கையால் செய்தது. அசலில் உள்ளதெல்லாம் இதில் உண்டு. அசலில் இல்லாத ஓர் ஆணிகூட இதில் கிடையாது.

அடுத்த வீட்டுக் கதிரவேலுவும் ஒன்று செய்து வைத்திருக்கிறார். நிறம் பிழை, விளக்குப் பிழை, வைப்பர் பூட்டிய பக்கமும் பிழை. சவர்க்காரப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டியிருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. எனக்கும் நேரம் மிச்சம்.

வினையைக் கொண்டுவந்தவள் என் மனைவி பியாட்றிஸ்.

"இஞ்சரப்பா, சனிக்கிழமை ஜெசிதாவைப் பாக்க மாப்பிளை வீட்டுக்காரர் வருகினம். மத்தியானம் இஞ்சைதான் சாப்பாடு. மேசை வேணும்."

"தரேலாது. பசை காயேல்லை."

"எட்டுப் பேரை எங்கை இருத்துறது?"

"அது உம்மடை பாடு. எஞ்சின் அசையாது. நீரும் தொடக்கூடாது."

மகளின் கலியாணத்தைவிட எஞ்சின் பெரிதோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்.

சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு வந்தாள். குனிந்து எஞ்சினைப் பார்த்தாள்.

"றைவர் ஏறுற படி நாலோ வைச்சிருக்கிறியள்?"

"நாலுதான்."

"நேற்று றெயில் கேற்றடியிலை நிண்டு பாத்தனான். அஞ்சு."

"உமக்கு எஞ்சினுக்கும் அம்மிக்கும் வித்தியாசம் தெரியாது. என்னட்டை அறுபது படம் கிடக்கு."

"எல்லாம் ஸ்ரேசனிலை எடுத்த படம். கீழ்ப்படியைப் பிளாட்போம் மறைச்சிருக்கும். எனக்கென்ன, கதிரவேலு அண்ணையும் அஞ்செண்டுதான் சொன்னவர்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அறுபது படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அறுபதிலும் கீழே பிளாட்போம்.

"பக்கத்திலை கொண்டுபோய் வைச்சுப் பாத்தால் தெரியும்தானே," என்றாள், துவாய் ஒன்றை நீட்டியபடி.

பசை காய்ந்ததோ என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அது நினைவில் இல்லை. எஞ்சினைத் துவாயில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஸ்ரேசனுக்குப் போனேன்.

மூன்று மணித்தியாலம் காத்திருந்த பிறகு றெயில் வந்தது. பிளாட்போம் முடிகிற இடத்தில் இறங்கி, அறுபத்திரண்டு வயதில் சல்லிக் கல்லின்மேல் முழங்காலில் நின்று எண்ணினேன். கீழிருந்து மேலே, பிறகு மேலிருந்து கீழே. காவலாளி ஓடிவந்து ஏசினான். அவனையும் எண்ணச் சொன்னேன். பாவம், எண்ணினான்.

நாலு.

பியாட்றிசை மன்னிப்புக் கேட்க வைப்பதற்கான வசனங்களை ஓட்டோவிலேயே தயாரித்தேன். மூன்று வசனம், மூன்றும் உறைப்பு.

படலையைத் திறந்ததும் இறால் கறி மணத்தது. மேசையில் வெள்ளை விரிப்பு. என் பசை, பெயின்ற், தண்டவாளம் ஒன்றையும் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேரும் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள். என் கதிரையில் கதிரவேலு இருந்து, மாப்பிள்ளையின் தகப்பனோடு என் மகளின் குணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு," என்றேன், வாசலில் நின்றபடி. "நாலேதான். இப்ப என்ன சொல்லுறீர்?"

பியாட்றிஸ் கதிரவேலுவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு இறாலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலெண்டு எனக்குத் தெரியும்தானே அப்பா. ரெண்டு வருசமா எண்ணின மனுசன் பிழை விடுவாரே?"