எச்சில் அண்ணாத்தேயும் ஆறு டீயும்

துப்பினால் அபராதம் என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருக்கும் ஊரில், துப்பச் சொல்லிச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் எச்சில் அண்ணாத்தேதான்.

குமணன்சாவடியில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் ஆராய்ச்சி அலுவலகம் இருந்தது. குடியை விட முடியாதவர்கள், தற்கொலைக்கு ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும் குடும்பங்களில் எச்சில் வாங்கி, அதிலுள்ள மரபணுவைப் படிப்பார்கள். மூளையில் எது கோளாறு செய்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேடலாம். வேறு நோய்க்கு விற்கிற மாத்திரையே கைகொடுத்தாலும் கொடுக்கும். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது நான். வீடு வீடாகப் போய் எச்சில் வாங்கி வருவது அண்ணாத்தே.

இதை அவர் ஜனங்களுக்கு விளக்கும் அழகே தனி.

"மூளைன்றது ஊடு மாரி நைனா. எந்த ஒயரு பூட்ச்சின்னு தெர்யாம பல்பையே மாத்திக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்? அந்த வெவரம் உன் எச்சில்ல கீது. துப்பு!"

அவருக்கு ஒரே எதிரி டீ. அரை மணி நேரம் வாயில் எதுவும் படாமல் இருந்தால்தான் எச்சில் சோதனைக்கு உதவும். எங்கள் பக்கத்திலோ டீ வராமல் பேச்சே ஆரம்பிக்காது. வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. பூந்தமல்லி காதர் பாய் வீட்டில் தட்டோடு ஆறு டீ வந்தது. அண்ணாத்தே தன்னுடையதைக் குடித்தார். பாயுடையதைப் பிடுங்கிக் குடித்தார். பிறகு பாயின் தம்பிகளுடையதையும் வரிசையாகக் காலி செய்துவிட்டு, "இப்ப யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

"டீ குடிக்கிற பழக்கத்துக்கும் மருந்து கண்டுபுடிங்க அண்ணாத்தே, மொத ஊசி உங்களுக்குத்தான்" என்றார் பாய்.

அப்புறம் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசியே ஆளைக் கட்டிப்போடுவார். பருத்திப்பட்டில் லேத் பட்டறை வைத்திருந்த செல்வத்திடமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். செல்வத்தின் அண்ணன் தற்கொலை செய்துகொண்டவர். செல்வத்துக்கும் குடி. பேச்சு நடுவில் அவன் தலை குனிந்தபடி சொன்னான்: "அண்ணன் போன மாரியே பூடலாம்னு எனக்கும் தோணிக்கினே கீது அண்ணாத்தே."

அண்ணாத்தே எச்சில் குழாயை மூடிப் பைக்குள் போட்டார். "சட்டைய மாட்டு."

தன் ஓட்டை வண்டியில் அவனை ஏற்றி, நேராக அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் "உட்டுடு அண்ணாத்தே" என்றானாம் அவன். "கெட்டியா புட்சிக்கோ, வண்டில பிரேக் இல்ல" என்றாராம் இவர். டாக்டர் கூப்பிடும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெறுங்குழாயோடு வந்தவரை எங்கள் மேலதிகாரி பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி குடும்பத்து எச்சில்தான்யா நமக்கு முக்கியம்! அதை விட்டுட்டு வந்தா மருந்து எப்படி வரும்?"

"மருந்து மெதுவா வர்ட்டும் சார். வர்ற வரிக்கும் அவன் இருக்கணும்ல?"



ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்து அலுவலகத்தைக் காலி செய்தாயிற்று. மருந்து இன்னும் வரவில்லை. செல்வம் சிகிச்சையில் இருக்கிறான். நடுநடுவே குடிக்கிறான், மறுபடி நிறுத்துகிறான். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளில் அண்ணாத்தே பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனை விடாமல் அமுக்குவார். "வந்துட்டாருடா எமன்" என்று முணுமுணுத்துக்கொண்டே செல்வம் ஏறிக்கொள்வான்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆபத்து என்றால் அழைக்க என் போனில் முதலில் வைத்திருப்பது அவர் நம்பரைத்தான். என் கணவருக்கு இது தெரியாது.